ஒளியால் கிருமி கொல்லும் பூச்சுகள்: வாங்கும் முன் கேட்க வேண்டியவை

ஒளி பட்டால் கிருமிகளைக் கொல்லும் பிளாஸ்டிக் கருவிகளைப் பற்றிய விளக்கத்தாள்கள் மருத்துவமனையின் தொற்றுக் கட்டுப்பாட்டுக் குழுவுக்கு வரும்போது, ‘99.9 சதவீதம்’ கிருமி மடிந்தது என்ற எண்ணுக்கு முன்பாக, அது எவ்வளவு வெளிச்சத்தில், எத்தனை மணி நேரத்தில் கிடைத்தது என்ற வரியையே நான் தேடுகிறேன். பல தாள்களில் அந்த வரி இருப்பதில்லை.

மெத்திலீன் நீலம், டொலுயிடின் நீலம், கிரிஸ்டல் வயலெட் போன்ற சாயங்களே இப்பூச்சுகளில் பெரிதும் ஆராயப்படுகின்றன. சாயம் கலந்த கரைப்பானில் சிலிக்கோனையோ பாலியூரித்தேனையோ ஊறவைத்தால் அது வீங்கிச் சாயத்தை உறிஞ்சிக்கொள்ளும். கரைப்பான் ஆவியானதும் சுருங்கிச் சாயத்தை உள்ளே அடைத்துக்கொள்ளும். தனக்குரிய நிறத்து ஒளி பட்டவுடன் சாய மூலக்கூறு, பெற்ற ஆற்றலை அருகிலுள்ள ஆக்சிஜனுக்குக் கடத்துகிறது. அப்போது உண்டாகும் சிங்லெட் ஆக்சிஜனும் (ஆற்றல் ஏறிய, எளிதில் வினைபுரியும் ஆக்சிஜன்) பிற வினைப்பொருள்களும் கிருமியின் சவ்வு, புரதம், மரபுப்பொருள் எனப் பல இடங்களை ஒருசேரத் தாக்குவதால், ஓர் இலக்கை மட்டும் குறிவைக்கும் ஆன்டிபயாட்டிக்கை எதிர்த்துப் பழகுவதுபோல இதை எதிர்த்துக் கிருமிகள் எளிதில் பழகிக்கொள்வதில்லை. அக்ரிடின் சாயத்தில் இருந்த பாரமீசியம் என்னும் ஒருசெல் உயிரிகள் வெளிச்சத்தில் மடிவதையும் இருட்டில் பிழைப்பதையும் 1900இல் மியூனிக்கில் மாணவராயிருந்த ஆஸ்கர் ராப் பதிவு செய்தார். இருட்டில் என்ன ஆகிறது என்ற கேள்வி, இத்துறை தோன்றிய நாளிலிருந்தே உடன் வருகிறது.

அறுவை விளக்கின் நடுப்புள்ளியில் 40,000 முதல் 1,60,000 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) வரை வெளிச்சம் இருக்கும். நோயாளிகள் படுத்திருக்கும் வார்டில் பகலில் சில நூறு லக்ஸ்தான், இரவில் அதுவும் இல்லை. ஆயிரக்கணக்கான லக்ஸில் ஆய்வகம் பெற்ற முடிவை வார்டுக்கு அப்படியே எடுத்துச் செல்ல முடியாது. சாயத்துக்குப் பதிலாக டைட்டானியம் டை ஆக்சைடு கொண்டு ஒளியில் செயல்படும் பூச்சின் நிலை இன்னும் கடினம். வேறு தனிமங்கள் சேர்க்காத அனடேஸ் என்ற அதன் படிக வகைக்கு ஏறத்தாழ 390 நானோமீட்டருக்கும் குறைந்த புற ஊதாக் கதிர் வேண்டும். எல்இடி விளக்கில் அது இல்லை என்றே சொல்லலாம்.

சிறுநீர் வடிகுழாயை எடுத்துக்கொள்வோம். அது உள்ளே இருக்கும் ஒவ்வொரு நாளும் சிறுநீரில் கிருமி சேரும் வாய்ப்பு 3 முதல் 7 சதவீதம் கூடுகிறது. கிருமிகள் ஏறுவதோ குழாயின் உட்புறமாகவும், சிறுநீர்ப்பாதைக்குள் உள்ள வெளிப்புறமாகவும். அந்த இடங்களில் வெளிச்சமே படுவதில்லை. ஒளியிழை வழியாக உள்ளே வெளிச்சம் செலுத்தும் முயற்சிகள் நடந்திருக்கின்றன, ஆனால் அன்றாடச் சிகிச்சையில் அவை இடம்பெறவில்லை. என் கணிப்பில் இப்பூச்சு பொருந்தும் இடங்கள் உடலுக்கு வெளியே இருப்பவை: ஊசிவழிக் குழாய்களின் இணைப்பு முனைகள், விசைப்பலகை உறைகள், கட்டில் கைப்பிடிகள். இருட்டுப் பிரச்சினைக்குத் தீர்வு தேடுவோரும் உண்டு. கிரிஸ்டல் வயலெட், மெத்திலீன் நீலம், தங்க நானோதுகள் மூன்றையும் சேர்த்த சிலிக்கோன் இருட்டிலும், மெதுவாகவேனும், கிருமிகளைக் கொல்வதை லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரி ஆய்வாளர்கள் 2014இல் காட்டினர்.

அழுக்கைப் பற்றி விளக்கத்தாள்கள் பெரும்பாலும் பேசுவதில்லை. நீரில் சிங்லெட் ஆக்சிஜனின் ஆயுள் சில மைக்ரோ வினாடிகளே. அதற்குள் ஒரு மைக்ரோமீட்டரில் சிறு பங்கு தூரம்தான் அதனால் நகர முடியும். உலர்ந்த இரத்தமோ சளியோ மேலே படிந்திருந்தால் அந்தப் புரதமே அதை உறிஞ்சிவிடும்; தடித்த உயிர்ப்படலத்தின் (பரப்பில் ஒட்டி வளரும் கிருமிப் படலத்தின்) மேலடுக்குகளை அது எட்டுவதே இல்லை. எனவே இப்பூச்சு உள்ள பரப்பையும் வழக்கம்போலத் துடைத்தாக வேண்டும், கை கழுவுவதிலும் எதையும் குறைத்துக்கொள்ள இடமில்லை.

துடைப்பதிலும் ஒரு சிக்கல் உண்டு: ஆல்கஹால் சாயத்தைக் கசியச் செய்யலாம், ஓயாத வெளிச்சம் அதை வெளுக்கச் செய்யலாம். கசிவைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. கிரிஸ்டல் வயலெட்டுக்குப் புற்றுநோய் அபாயம் இருக்கக்கூடும் என்று கனடா சுகாதாரத் துறை 2019இல் எச்சரித்தது. ஆகவே உற்பத்தியாளரிடம் ஐஎஸ்ஓ 10993 வரிசைப்படி செய்த உயிரிப் பொருத்தச் சோதனை முடிவுகளை நான் கேட்கிறேன். அவற்றோடு, வார்டு அளவு வெளிச்சத்திலும் முழு இருட்டிலும், புரதம் பூசிய நிலையிலும், எங்கள் துடைப்பான் திரவத்தால் பலமுறை துடைத்த பிறகும் எடுத்த முடிவுகளையும், பூச்சில்லாத அதே பிளாஸ்டிக்கின் முடிவுகளுக்கு அருகில் வைத்துக் காட்டச் சொல்கிறேன்.