கஸ்டமர் கேர் கைவிரித்த பிறகு: நுகர்வோர் ஆணையத்தில் எங்கே சறுக்குகிறோம்?

“உங்கள் புகார் தீர்க்கப்பட்டது” என்று எஸ்எம்எஸ் வரும். பணம் வந்திருக்காது. திரும்பக் கூப்பிட்டால் புதுப் புகார் எண் கொடுத்து, நடந்ததை முதலிலிருந்து சொல்லச் சொல்வார்கள். பலர் இங்கேயே அலுத்துப்போய் விட்டுவிடுகிறார்கள். கம்பெனிகள் எதிர்பார்ப்பதும் இதைத்தான்.

நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-ன்படி மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் நீங்களே வழக்குப் போடலாம். வக்கீல் கட்டாயமில்லை. பொருளுக்கோ சேவைக்கோ நீங்கள் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் கட்டணமும் இல்லை. சட்டத்தைப் பற்றி இவ்வளவு போதும். சிக்கல் எல்லாம் இதற்கு அப்புறம்தான்.

முதலில் 1915, அதாவது தேசிய நுகர்வோர் உதவி எண். இதில் புகார் கொடுத்தாலே வழக்குப் போட்டாயிற்று என்று நம்பிக் காத்திருப்பவர்களைப் பார்க்கும்போது வயிறு எரிகிறது. உதவி எண்ணில் இருப்பவர்கள் உங்கள் புகாரைக் கம்பெனிக்கு அனுப்பிப் பதில் வாங்கித் தருவார்கள். சில நேரம் அதிலேயே பணம் வந்துவிடும், அதனால் கூப்பிடுங்கள். ஆனால் உத்தரவு போடும் அதிகாரம் அங்கே கிடையாது. வழக்குப் போட 2 வருடம்தான் கெடு. நீங்கள் 1915-ன் பதிலுக்குக் காத்திருந்தாலும், கஸ்டமர் கேருக்கு மெயில் அனுப்பிக்கொண்டிருந்தாலும் அது ஓடிக்கொண்டேதான் இருக்கும். கெடு தாண்டினால் தாமதத்துக்குக் காரணம் காட்டித் தனியாக மனுப் போட வேண்டும். ஏற்றுக்கொள்வார்கள் என்று உறுதி இல்லை.

அடுத்தது சாட்சியம். கம்பெனியின் ஆப்பில் நடந்த சாட் உரையாடலை நம்பி இருக்காதீர்கள். கணக்கை முடக்கினால் அதுவும் போய்விடும். பேசிய அன்றைக்கே ஸ்கிரீன்ஷாட் எடுங்கள், தேதி தெரிய வேண்டும். ஆன்லைனில் வாங்கிய பொருள் என்றால் அந்தத் தளத்தின் குறைதீர் அலுவலருக்கு மெயில் போடுங்கள். 48 மணி நேரத்தில் கிடைத்ததற்கு ஒப்புகை, ஒரு மாதத்தில் தீர்வு என்பது 2020-ம் ஆண்டு மின்வணிக விதி. பதிலே வராவிட்டாலும் நல்லதுதான், அந்த மௌனமே உங்களுக்குச் சாட்சி.

பில் யார் பெயரில் இருக்கிறது என்று பாருங்கள். வரிச் சலுகைக்காக ஜிஎஸ்டி எண் போட்டு வாங்கியிருந்தால், “இது வணிகத்துக்கு வாங்கியது, இவர் நுகர்வோரே இல்லை” என்று எதிர்த்தரப்பு கிளம்பும். சொந்தப் பிழைப்புக்காக, சுயதொழிலுக்கு வாங்கியதைச் சட்டம் ஏற்கிறது. வீட்டில் தைத்துப் பிழைக்கிறவர் வாங்கிய தையல் மிஷினுக்கு அவர் தாராளமாக வழக்குப் போடலாம். ஆனால் சொந்தப் பிழைப்புக்கு வாங்கியது என்ற இந்த ஒரு வரியை மனுவிலேயே எழுதியிருக்க வேண்டும், எதிர்த்தரப்பு கேட்ட பிறகு சொன்னால் சமாளிப்பு மாதிரி தெரியும்.

“வழக்கு என்றால் எங்கள் தலைமையகம் இருக்கும் ஊரில்தான்” என்று நிபந்தனைப் பக்கத்தில் அச்சடித்திருப்பார்கள். பயப்பட வேண்டாம். நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே போடலாம் என்று 2019 சட்டம் சொல்கிறது.

இனி ஆணைய அலுவலகம். பக்க எண் இல்லை, பொருளடக்கம் இல்லை, பிரமாணப் பத்திரத்தில் கையெழுத்து விட்டுப்போயிற்று, நகல் போதவில்லை என்று ஒவ்வொரு தடவையும் ஒரு குறை சொல்லித் திருப்பி அனுப்பினால் ஆள் ஓய்ந்துபோவார். கூலி வேலையை விட்டுவிட்டு வருகிறவருக்கு ஒவ்வொரு நடையும் ஒரு நாள் சம்பளம். எல்லாக் குறைகளையும் ஒரே தடவையில் எழுத்தில் கேளுங்கள். “வக்கீலோடு வாங்க” என்றால், நானே நடத்துகிறேன் என்று சொல்லுங்கள், அது உங்கள் உரிமை. நுகர்வோர் வழக்குகளுக்கான அரசின் இ-ஜாக்ரிதி இணையதளத்தில் ஆன்லைனிலும் தாக்கல் செய்யலாம். அங்கும் குறை சொல்லித் திருப்புவார்கள், அதனால் அடிக்கடி உள்ளே போய்ப் பாருங்கள்.

உங்கள் செல்போன் எண்ணைக் கம்பெனி வெளியே கொடுத்துவிட்டது என்றால்? நம்பிக் கொடுத்த சொந்த விவரத்தைப் பிறரிடம் வெளியிடுவது முறையற்ற வணிகம் என்று இதே சட்டம் சொல்கிறது. ஆனால் எந்தக் கம்பெனி வழியாகப் போனது என்று நிரூபிப்பது பெரும் பாடு. 2023-ல் வந்த தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் 250 கோடி ரூபாய் வரை அபராதம் என்று படித்திருப்பீர்கள். அந்தப் பணம் அரசுக் கஜானாவுக்குப் போகும், உங்களுக்கு ஒரு பைசா வராது. அதனால் பில் போடும் இடத்தில் எண் கேட்டால் தர மறுங்கள். எண் தராவிட்டால் பில் இல்லை என்று கடைகள் வற்புறுத்தக் கூடாது என 2023 மே மாதத்திலேயே மத்திய நுகர்வோர் துறை அறிவுறுத்தியிருக்கிறது.

ஆணையத்தின் நோட்டீஸ் கிடைத்த கம்பெனி 30 நாளில் பதில் தர வேண்டும், அதிகபட்சம் இன்னும் 15 நாள். அதற்கு மேல் ஏற்க முடியாது என்று 2020-ல் உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வே சொல்லிவிட்டது. இந்த நாட்களில்தான், அதுவரை போனையே எடுக்காதவர்கள் உங்களைக் கூப்பிடுவார்கள். “வாபஸ் வாங்குங்க, ஒரு வாரத்தில் பணம் போட்டுடறோம்” என்பார்கள். சமரசத்துக்குச் சம்மதம் என்றால் அதை ஆணையத்தின் முன்னால் எழுத்தில் பதிவு செய்யச் சொல்லுங்கள். பணம் கணக்கில் ஏறும் வரை வாபஸ் மனுவில் கையெழுத்துப் போடாதீர்கள்.