ஃபோர்த் சீட்டும் டோபமைனும்

மும்பைக்குப் பக்கத்தில் இருக்கும் டோம்பிவ்லியில் காலை நேர ஃபாஸ்ட் லோக்கல் ரயிலில் ஏறுகிறவர்கள் உட்கார இடம் கிடைக்கும் என்று நினைத்து ஏறுவதில்லை. நிற்க இடம் இருந்தாலே போதும். தாணேயில் யாராவது நகர்ந்து உட்கார்ந்து, மூன்று பேர் சீட்டின் ஓரத்தில் ‘ஃபோர்த் சீட்’ கொடுத்தால், பாதி உடம்பு வெளியே தொங்கினாலும் முகம் மலர்ந்துவிடும். ஜன்னல் சீட் தனக்குத்தான் என்று முன்கூட்டியே கேட்டு வைத்திருந்தவருக்கு அதே ஃபோர்த் சீட் கிடைத்தால் வயிறு எரியும்.

இந்த வித்தியாசத்தின் வேரை மூளைக்குள் கண்டவர் நரம்பியலாளர் வோல்ஃப்ராம் ஷூல்ட்ஸ். குரங்குக்கு எதிர்பாராமல் ஒரு சொட்டுப் பழச்சாறு கொடுத்தபோது, அதன் நடுமூளையில் டோபமைன் என்ற வேதிப்பொருளைச் சுரக்கும் நரம்பணுக்கள் படபடவென்று துடித்தன. விளக்கு எரிந்தால் சாறு வரும் என்று குரங்கு பழகிய பிறகு, விளக்கைப் பார்த்ததுமே துடித்தன. சாறு வந்தபோது சும்மா இருந்தன. விளக்கு எரிந்தும் சாறு வராவிட்டால், அது வரவேண்டிய அந்த நொடியில் துடிப்பு வழக்கத்தைவிடக் குறைந்தது. 1997இல் ஷூல்ட்ஸ், பீட்டர் டயான், ரீட் மாண்டேக் மூவரும் ‘சயின்ஸ்’ இதழில் இதை விளக்கினார்கள்: எதிர்பார்த்ததற்கும் கிடைத்ததற்கும் உள்ள இடைவெளியைத்தான் இந்த அணுக்கள் சொல்கின்றன. அதை வைத்து மூளை தன் அடுத்த கணிப்பைத் திருத்திக்கொள்கிறது.

சரி, குரங்கின் சாறும் மனிதரின் சந்தோஷமும் ஒன்றா? 2014இல் லண்டனில் ஆய்வாளர் ராப் ரட்லெட்ஜ் குழுவினர், சின்னப் பணப் பந்தயங்கள் ஆடியவர்களிடம் “இப்போது எவ்வளவு சந்தோஷமாக இருக்கிறீர்கள்?” என்று இடையிடையே கேட்டார்கள். மொத்தம் எவ்வளவு ஜெயித்தார்கள் என்பதைவிட, எதிர்பார்த்ததைவிடக் கூடுதலாகக் கிடைத்ததா என்பதே பதிலைத் தீர்மானித்தது. கைபேசிச் செயலி வழியாக 18,000க்கும் மேற்பட்டவர்களிடம் பார்த்தபோதும் அப்படித்தான்.

பத்துப் பக்கம் படிக்கத் திட்டமிட்டு ஆறு படித்தவர் இரவில் நொந்துகொள்வதும், இரண்டு போதும் என்று உட்கார்ந்து அதே ஆறு படித்தவர் நிறைவாகத் தூங்குவதும் இதனால்தான் என்று நினைக்கிறேன். இப்படி இலக்கைச் சின்னதாக வைப்பதைச் சோம்பேறித்தனம் என்பவர்களுக்குப் பதில் 1981லேயே இருக்கிறது. உளவியலாளர்கள் ஆல்பர்ட் பண்டூராவும் டேல் ஷங்க்கும் கழித்தல் வராத பிள்ளைகளுக்கு 42 பக்கக் கணக்குகள் கொடுத்தார்கள். சிலரிடம் ஒரு வகுப்புக்கு 6 பக்கம் என்று சொன்னார்கள், சிலரிடம் மொத்தத்தையும் முடிக்கச் சொன்னார்கள். ஆறு ஆறாகப் போட்ட பிள்ளைகள்தான் கழித்தலை நன்றாகக் கற்றார்கள், தங்களால் முடியும் என்ற நம்பிக்கையும் அவர்களுக்கே அதிகம் வந்தது.

என் சித்தி மகள் துறைத் தேர்வுக்கு லோக்கலில் நின்றபடியே படிக்கிறாள். ஒரு நாளைக்கு இரண்டு பக்கம் என்று தொடங்கினாள். அது பழகியதும் குஷி குறைந்துவிட்டது. குரங்குக்கும் சாறு பழகிப் போனதே, அதே கதைதான். அப்புறம் பக்கங்களோடு ஒரு கணக்கும் சேர்த்துக்கொண்டாள்.

ஆனால் எதிர்பார்ப்பையே துடைத்துப் போட்டுவிட்டால் நஷ்டம்தான். பந்தயத்தின் முடிவு தெரிவதற்கு முன்பே, நல்லது வரும் என்ற எதிர்பார்ப்பு மட்டுமே மனநிலையைக் கொஞ்சம் உயர்த்தியதையும் ரட்லெட்ஜ் குழு பார்த்தது. தாதரிலிருந்து திருநெல்வேலிக்கு டிக்கெட் கன்ஃபர்ம் ஆனவர்களைக் கேட்டுப் பாருங்கள். ரயில் புறப்பட இன்னும் ஒரு மாதம் இருக்கும், வீட்டில் பேச்செல்லாம் ஊரைப் பற்றியே ஓடிக்கொண்டிருக்கும்.