குள்ளர் வீட்டுக் கூரைக்கல்

தாண்டிக்குடிப் பக்கம் ஒரு காப்பித் தோட்டம். சில்வர் ஓக் மர நிழலில் அந்தக் கல்வீடு இருக்கிறது. மூன்று பக்கமும் நிறுத்திவைத்த பலகைக்கல், மேலே ஒரே மூடுகல். குனிந்து உள்ளே பார்த்தால் காய்ந்த சருகும் ஆட்டுப் புழுக்கையும்தான். தோட்டத்தைப் பார்த்துக்கொள்ளும் பெரியவர் கூட்டிப்போய்க் காட்டினார். "குள்ளனுங்க வீடு தம்பி இது. மூணடிதான் ஒசரம். ஆனா ஒத்தை ஆளா இந்தக் கல்லத் தலையில வெச்சுத் தூக்கியாருவான்" என்றார். அவருடைய அப்பாவும் அப்படித்தான் சொல்வாராம்.

கொடைக்கானல் இருக்கும் பழனிமலைத் தொடரில் இந்தக் கதை பல ஊர்களில் உண்டு. பேத்துப்பாறைப் பக்கம் இருப்பவற்றுக்குப் பெயரே குள்ளர் குகைதான். வேறு சில ஊர்களில் பஞ்சபாண்டவர் தங்கிய வீடு என்பார்கள். கதையைத் தள்ளிவிட எனக்கு மனமில்லை. கல்லைப் பார்த்தவர் எவருக்கும் வரும் இரண்டு கேள்விகளுக்கும் அது பதில் சொல்லப் பார்க்கிறது: வீடு ஏன் இத்தனை சிறியது? இந்தக் கனத்தை யார் தூக்கினார்கள்?

முதல் கேள்விக்கு விடை நேரானது. இது வீடில்லை, ஈமச்சின்னம். தரைக்கு மேலே தெரிந்தால் கல்திட்டை, மண்ணுக்குள் இருந்தால் கல்பதுக்கை. இறந்தவரின் முழு உடலையும் நீட்டிக் கிடத்துவதற்காக இவற்றைக் கட்டவில்லை. உடலை வேறெங்கோ இட்டு, சதை நீங்கியபின் எலும்புகளைப் பொறுக்கி வந்து, பானைகளோடும் மணிகளோடும் உள்ளே வைக்கும் வழக்கம் தென்னகத்தில் பரவலாக இருந்தது. அதற்கு ஆள் உயரம் எதற்கு? சுடுதல், இடுதல், குழியில் புதைத்தல், கற்பதுக்கையில் அடைத்தல், தாழியில் கவித்தல் என்று மணிமேகலை ஐந்து முறைகளை அடுக்குகிறது. இந்தக் கல்வீடு அதில் நான்காவதற்கு உறவு.

செண்பகனூர் இயேசு சபைத் துறவிகள் ஆங்லாத், நியூட்டன் இருவரும் பழனிமலைக் கல்திட்டைகளைத் தேடி அலைந்து அளந்து எழுதியதை இந்தியத் தொல்லியல் துறை 1928-ல் வெளியிட்டது. நீலகிரியில் அதற்கும் முன்பே ஆணையர் பிரீக்ஸ் மலையுச்சிக் கல்வட்டங்களைத் திறந்து பார்த்தார். மூடியில் எருமை உருவம் வைத்த பானைகள் அங்கே கிடைத்தன.

இரண்டாவது கேள்விதான் எனக்குப் பிடித்தது. தூக்குவதை விடுங்கள், முதலில் இப்படி ஒரு பலகை எப்படிக் கிடைத்தது?

பழனிமலையும் நீலகிரியும் பெரும்பாலும் சார்னோக்கைட் என்ற பாறை. கொல்கத்தாவில் இருக்கும் கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர் ஜாப் சார்னோக்கின் கல்லறைக் கல், சென்னைப் பரங்கிமலைப் பக்கத்திலிருந்து போனது. அதே கல்லை ஆராய்ந்த ஹாலந்து என்ற நிலவியலாளர் அந்தக் கல்லறைக்காரர் பெயரையே பாறைக்கு வைத்துவிட்டார். கல்லறைக் கல்லால் பெயர் பெற்ற பாறையில் நம் மலைக்காரர்கள் அதற்கு வெகுகாலம் முன்பே கல்லறை கட்டியிருக்கிறார்கள்.

இந்தப் பாறை ஒருகாலத்தில் பூமிக்குள் ஆழத்தில் பெரும் அழுத்தத்தில் கிடந்தது. மேலே இருந்ததெல்லாம் அரித்துப்போகப் போக அழுத்தம் குறைந்து பாறை மேல்நோக்கி விரிந்தது. அப்போது தரைக்கு இணையாக வெங்காயத் தோல்போல அடுக்கடுக்காக விரிசல் விழும். கொடைக்கானல் மொட்டைப் பாறைகளில் ஓரமாக நின்று பாருங்கள், அரையடி, ஓரடி கனத்தில் ஏடு ஏடாகத் தெரியும். ஆக, பலகையை முக்கால்வாசி மலையே அறுத்து வைத்திருக்கிறது.

மீதிக் கால்வாசிக்கு நெருப்பு உதவும். பாறைக்கு வெப்பம் கடத்தும் திறமை குறைவு. மேலே விறகை எரித்தால் மேல்தோல் மட்டும் சூடேறி விரியும், அடியில் இருப்பது குளிர்ந்தே கிடக்கும். விரிந்த தோலுக்குப் பக்கவாட்டில் நகர இடமில்லை. அது லேசாக மேலே வளைந்து அடிப்பாறையை விட்டுக் கழன்றுகொள்ளும். போதாக்குறைக்கு, பாறையில் இருக்கும் குவார்ட்ஸ் என்ற கனிமம் 573 டிகிரி செல்சியஸை நெருங்கும்போது வெடுக்கென்று பருத்துவிடும். பெங்களூர்ப் பக்கக் கல் தொழிலாளர்கள் 19ஆம் நூற்றாண்டின் கடைசி வரை இப்படிப் பலகை எடுத்தது பதிவாகியிருக்கிறது. தீயைச் சின்ன வரிசையாகப் போட்டு, பாறையைச் சுத்தியலால் தட்டித் தட்டிக் கேட்பார்கள். 'ணங்' என்றால் இன்னும் ஒட்டியிருக்கிறது, 'பொத்' என்றால் கழன்றுவிட்டது, தீயை ஓரடி முன்னால் தள்ளலாம். காதுதான் அளவுகோல். தாண்டிக்குடிக் கல்லின் விளிம்பை விரலால் தடவிப் பார்த்தேன். உளி பட்ட தடம் இல்லை, உடைந்த விளிம்பு அப்படியே சொரசொரவென்று இருக்கிறது. இந்தக் கல்லை நெருப்பால் எடுத்தார்களா, விரிசலில் கட்டை செருகி நெம்பினார்களா என்பதை விளிம்பு மட்டும் சொல்லாது. இரண்டுமே கைக்கெட்டிய வழிகள்.

சரி, கனம். மூடுகல் 8 அடி நீளம், 5 அடி அகலம், அரையடி கனம் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 20 கன அடி. கல் தண்ணீரைவிட ஏறத்தாழ 2.7 மடங்கு கனம், அதனால் ஒரு கன அடி 76 கிலோ வரும். எல்லாம் சேர்த்து ஒன்றரை டன். ஒரு ஆளால் முடியாது, குள்ளனாலும் முடியாது. ஆனால் முழுக் கல்லையும் ஒரே மூச்சில் தூக்க வேண்டுமென்று யார் சொன்னது? ஒரு ஓரத்தை மட்டும் கிளப்பினால் பாதிக் கனம்தான் நம் பங்கு, 750 கிலோ. பத்துக்கு ஒன்று கணக்கில் நெம்புகோல் போட்டால் அது 75 கிலோ. இரண்டு பேர் கட்டையில் தொங்கினால் தாராளம். கட்டையின் நுனி ஓரடி இறங்கினால் கல் ஒரு அங்குலம்தான் ஏறும். அந்த ஒரு அங்குலத்தில் சில்லுக்கல்லைத் திணித்துவிட்டு அடுத்த ஓரத்துக்குப் போக வேண்டியதுதான்.

இழுப்பதும் அப்படியே. சமதளத்தில் மரக்கட்டைகள் மேல் இழுத்தால் உராய்வுக்கு ஏறத்தாழ 600 கிலோ விசை கேட்கும், அதாவது இருபது ஆள். ஆறடிக்கு ஓரடி சரியும் சரிவில் மேலிருந்து இறக்கினால் பன்னிரண்டு பேர் போதும். பழனிமலைத் திட்டைகள் பலவும் மொட்டைப் பாறையிலேயே, பலகை கிடைக்கும் இடத்தை ஒட்டியே இருப்பதில் ஆச்சரியமில்லை.

நிறுத்திய கற்களைச் சுற்றிப் பல இடங்களில் சில்லுக்கல்லை அடுக்கித் திட்டுபோல நிரப்பியிருக்கிறார்கள். பார்வைக்கு அழகுக்கு என்று தோன்றும். எனக்கென்னவோ அது இரட்டை வேலை செய்வதாகப் படுகிறது: நிறுத்திய கல்லை வெளியே சாயவிடாமல் முட்டுக்கொடுக்கும், மூடுகல்லை மேலே ஏற்றச் சாய்தளமும் ஆகும். அப்புறம், அடியில் பாறை என்பதால் அஸ்திவாரம் அமிழாது. நான்கடி இடைவெளியில் அந்த மூடுகல் தன் கனத்தால் வளைய முயலும்போது அதன் அடிப்பக்கத்தில் வரும் இழுவிசை, நல்ல கல் தாங்கக்கூடியதில் முப்பதில் ஒரு பங்குகூட வராது. தானாக விழ அதற்குக் காரணமே இல்லை. விழுந்து கிடப்பவற்றைப் பார்த்தால் பெரும்பாலும் புதையல் தேடி அடியில் தோண்டிய குழி தெரியும். எனக்கு வயிறு எரியும் இடம் அது.

வயது? அடிவாரத்தில், பழனிக்குத் தென்மேற்கே பொருந்தலில் பேராசிரியர் கா. ராஜன் 2009-லும் 2010-லும் அகழ்ந்த ஈமக்குழி ஒன்றில் ஒரு பானை நிறைய நெல் இருந்தது. அதன் கார்பன் காலம் கி.மு. 490. ஆனால் மேலே மலையில் திட்டைகள் பலவும் காலி. நெல்லும் இல்லை, எலும்பும் இல்லை. கல்லின் வயதோ கோடிக்கணக்கான ஆண்டு, கட்டிய வயதை அது சொல்லாது.

அங்கே கைகொடுப்பது மண். மண்ணில் இருக்கும் குவார்ட்ஸ் மணல், சுற்றிலும் உள்ள மெல்லிய இயற்கைக் கதிர்வீச்சால் எலக்ட்ரான்களைத் தன் படிகக் குறைகளில் சிறைபிடித்துச் சேர்த்துக்கொண்டே போகும். வெயில் பட்டால் அத்தனையும் விடுபட்டுக் கணக்கு பூஜ்யமாகும். கல்லை நிறுத்தியபோது அடியில் மாட்டிய மணல் அன்றிலிருந்து இருட்டில் எண்ணிக்கொண்டிருக்கிறது. ஆய்வுக்கூடத்தில் சிவப்பு வெளிச்சத்தில் அதை எடுத்து ஒளி பாய்ச்சினால் சிறையிருந்த எலக்ட்ரான்கள் மினுக்கிக்கொண்டு வெளியேறும். மினுக்கத்தை அளந்து, ஆண்டுக்குக் கிடைத்த கதிர்வீச்சால் வகுத்தால் வயது. ஒரு முறை மண்வெட்டி பட்டு வெயிலைக் கண்டுவிட்டால் அந்த மணலிடம் கேட்க ஒன்றும் இருக்காது.

இதைப் பெரியவரிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் கல்லையே பார்த்தார். "போன வருசம் காப்பி நாத்துப் பைக்கு இதுக்குள்ளாறதான தம்பி மண்ணு அள்ளுனேன்" என்றார். அப்புறம் சுற்றிவந்து, பின்கல்லும் பக்கக்கல்லும் சேரும் மூலையில் சருகை விலக்கிக் காட்டினார். இரண்டு கல்லும் முட்டும் இடத்துக்குக் கீழே மண் இறுகி, கறுத்து, அசையாமல் இருந்தது. "இங்க மம்பட்டி எட்டல." விலக்கிய சருகைத் திரும்ப அவரே மூடினார்.