முடி அரசருக்கு, பிடி சபைக்கு

சாவகச்சேரியிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: "மகள் போன மாசம் கனடாவிலை பிரசாவுரிமை எடுத்தவள். சாள்ஸ் மன்னருக்கும் வாரிசுகளுக்கும் விசுவாசமாய் இருப்பன் எண்டு சத்தியம் செய்விச்சவையாம். அப்ப அங்கை ஆளுறது மன்னரோ, பிரதமரோ?"

யாழ்ப்பாணத்துச் சனம் போய்க் குடியேறிய நாடுகளில் சிலதைப் பாருங்கள். கனடா, பிரித்தானியா, அவுஸ்திரேலியா, நோர்வே, டென்மார்க் எல்லாமே முடியாட்சிகள். எனவே இந்தக் கேள்வி பல வீடுகளில் இருக்கும்.

சத்தியத்தின் சங்கதி சின்னது. அதில் வரும் மன்னர், சட்டத்தின் கண்ணில் கனடா அரசுக்கு இன்னொரு பெயர். லண்டனில் இருக்கும் அந்த மனிதரின் விருப்பு வெறுப்புக்கு மகள் கட்டுப்படவில்லை. நாங்களும் அப்படி இருந்தவர்கள்தான். 1948இல் சுதந்திரம் வந்த பிறகும் 1972 மே 22 வரை இலங்கை முடியின் கீழேயே இருந்தது. எலிசபெத், இலங்கை இராணி என்ற பட்டத்தோடு 1954 ஏப்ரலில் கொழும்புக்கு வந்து, அரசாங்கத்தின் திட்டங்களைச் சபைக்குச் சொல்லும் சிம்மாசனப் பிரசங்கத்தை வாசித்தார். மற்ற நாட்களில் அவருடைய இடத்தில் மகாதேசாதிபதி. கடைசி மகாதேசாதிபதி கோபல்லாவதான் குடியரசின் முதல் சனாதிபதியும்.

பள்ளிக்கூடத்தில் படித்ததை வேகமாகக் கடந்துவிடுவோம். பாராளுமன்றம் நிறைவேற்றும் சட்டமூலத்தில் முடி ஒப்பமிடும். பிரித்தானியாவில் அதைக் கடைசியாக மறுத்தவர் ஆன் அரசி, 1708இல். அமைச்சர் நியமனம், சபைக் கலைப்பு எல்லாம் முடியின் பெயரில், ஆனால் பிரதமரின் ஆலோசனைப்படி. வழமையாக அந்த ஆலோசனையைத் தட்ட முடியாது.

எங்கள் குடியியற் புத்தகங்கள் இந்தப் பட்டியலோடு நின்றுவிடுகின்றன. பரீட்சைக்குப் பாடமாக்க அது போதும், ஓடும் யந்திரத்தை அது காட்டாது. முடி யாருடைய ஆலோசனையைக் கேட்கிறது? சபையின் பெரும்பான்மை தாங்குகிறவருடையதை. வாக்காளர் தெரிவது சபையை, பிரதமரைத் தெரிவது அந்தச் சபை. காரணம் காசு. 1689இன் உரிமைச் சட்டத்தோடு, பாராளுமன்றத்தின் சம்மதமில்லாமல் ஆங்கில முடி வரி வாங்கும் காலம் முடிந்தது. சபை வரவு செலவுத் திட்டத்தை மறுத்தால் தளபதிக்கும் சம்பளமில்லை, பியோனுக்கும் சம்பளமில்லை.

அரசாங்கத்தில் சபைக்கு நம்பிக்கை இருக்கிறதா என்பதற்கு முதற் சோதனை சிம்மாசனப் பிரசங்கம். இந்த ஏற்பாட்டை நினைக்கும்போதெல்லாம் எனக்குச் சிரிப்பும் மரியாதையும் சேர்ந்தே வரும். எழுதுவது அமைச்சரவை, வாசிப்பது முடி. என்னுடைய அரசாங்கம் இன்னின்னது செய்யும் என்று அரசர் முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல் வாசிப்பார். 2025 மே 27இல் சாள்ஸ் ஒட்டாவாவில் வாசித்ததும் மார்க் கார்னியின் அரசாங்கத்துத் திட்டங்களைத்தான். அவர் எழும்பிப் போனபின் சபை விவாதித்து வாக்கெடுக்கும். தோற்றால் கவிழ்வது அரசாங்கம், வாசித்தவருக்கு ஒரு கீறலும் விழாது.

இது எங்கள் நாட்டிலேயே நடந்தது. 1960 மார்ச் தேர்தலில் 151 ஆசனங்களில் ஐக்கிய தேசியக் கட்சிக்கு 50, சுதந்திரக் கட்சிக்கு 46, செல்வநாயகத்தின் தமிழரசுக் கட்சிக்கு 15. கூடிய ஆசனம் எடுத்த டட்லி சேனநாயக்காவை மகாதேசாதிபதி சேர் ஒலிவர் குணதிலக்க பிரதமராக்கினார். சபாநாயகர் தெரிவிலேயே அரசாங்கத்தின் ஆள் தோற்றுப்போனார். தமிழரசுக் கட்சி வைத்த கோரிக்கைகளுக்கு டட்லி இணங்கவில்லை. ஏப்ரல் 22இல் சிம்மாசனப் பிரசங்க வாக்கெடுப்பு வந்தது. தமிழரசுக் கட்சியின் வாக்குகள் எதிர்ப்பக்கம் விழ, ஒரு மாத அரசாங்கம் சரிந்தது.

இனித்தான் விஷயம். சபையைக் கலையுங்கள் என்று தோற்ற பிரதமர் ஆலோசனை சொன்னார். அதைக் கேட்பதா, சுதந்திரக் கட்சியின் சி. பி. டி சில்வாவைக் கூப்பிட்டு உங்களால் சபையை நடத்த ஏலுமா என்று பார்ப்பதா? முடியின் பிரதிநிதி சொந்தப் புத்தியைப் பாவிக்கும் அபூர்வமான இடைவெளி அது. ஒலிவர் கலைத்தார். சட்டத்தில் அதற்கு இடமிருந்தது. ஆனாலும் தேர்தல் முடிந்து ஐந்து கிழமையும் ஆகாத நிலையில் மற்றப் பக்கத்துக்கு ஒரு தரம் வாய்ப்புக் கொடுத்திருக்க வேண்டும் என்பேன். ஜூலைத் தேர்தலில் சுதந்திரக் கட்சிக்கு 75 ஆசனம். தேர்தலில் நிற்காத சிறிமாவோ பண்டாரநாயக்கா பிரதமராகி, மேற்சபையான செனற் சபை வழியாக உள்ளே வந்தார். தமிழரசுக் கட்சியோ 15இலிருந்து 16ஆக வளர்ந்தும் பேரம்பேசும் பலத்தை இழந்தது. அந்தக் கட்சி இல்லாமலே கணக்கு நேராகிவிட்டதே!

இந்த இடைவெளி ஆபத்தானதும்கூட. 1975 நவம்பர் 11இல் அவுஸ்திரேலிய செனற் சபை அரசாங்கத்தின் செலவுப் பணத்தை மறித்து வைத்திருந்த வேளை, மகாதேசாதிபதி ஜோன் கேர், கீழ்ச்சபையில் பெரும்பான்மை வைத்திருந்த கோப் விற்லத்தையே பிரதமர் பதவியிலிருந்து நீக்கினார். அந்தச் சண்டை இன்னும் ஆறவில்லை.

கலைக்கும் நாளைக் கையில் வைத்திருப்பவர் தனக்குத் தோதான நாளையே பார்ப்பார். பிரித்தானியப் பிரதமருக்கு அந்த வசதி 2022இல் திரும்பக் கிடைத்தது. அங்கே பார்ப்பது கருத்துக்கணிப்பை. எங்கள் தலைவர்கள் பார்ப்பது பஞ்சாங்கத்தை. சோதிடரின் ஆலோசனையோடு இரண்டு வருடம் முந்தியே சனாதிபதித் தேர்தலை வைத்த மகிந்த ராஜபக்ஷ 2015 ஜனவரியில் தோற்றார். கிரகங்களுக்கு வாக்குச்சீட்டு இல்லை.

நோர்வேயில் இந்தத் தலையிடியே இல்லை. நான்கு வருடம் முடியுமுன் பாராளுமன்றத்தைக் கலைக்க அரசருக்கும் வழியில்லை, பிரதமருக்கும் வழியில்லை. இருக்கிற சபைக்குள்ளேயே ஆள் தேடவேண்டும். சுவீடன் இன்னும் ஒரு படி போய், பிரதமரை முன்மொழியும் வேலையை 1970களில் மன்னரிடமிருந்து எடுத்துச் சபாநாயகரிடம் கொடுத்துவிட்டது. அங்கே எண்ணிப் பார்ப்பது ஆதரவை விட்டு எதிர்ப்பைத்தான்: 349 பேரில் 175 பேர் எதிர்த்தால் மட்டுமே முன்மொழியப்பட்டவர் தோற்பார். 2019 ஜனவரியில் ஸ்ரெபான் லொவேனுக்கு ஆதரவாக 115 வாக்கு, எதிராக 153. அவரே பிரதமரானார்.