நகர மையத்தில் ராத்தங்க ஆள் இருக்கிறதா?

நகர மையம் நலிந்துவிட்டது என்று ஆலோசனைக்கு அழைக்கும் நிர்வாகங்கள் பெரும்பாலும் கையில் ஒரு வரைபடத்தோடுதான் வருகின்றன. மாநாட்டு மண்டபம், விளையாட்டரங்கம், கண்ணாடிக் கோபுரம் என்று ஏதாவது ஒன்று அதில் இருக்கும். நான் முதலில் கேட்பது வேறு. கடைகள் சாத்திய பிறகு இந்தத் தெருவில் யார் இருக்கிறார்கள்?

பழைய கடைவீதி போனால் போகட்டும், புறநகரில்தான் எல்லாம் வந்துவிட்டதே என்று கேட்பவர்கள் உண்டு. அவர்களுக்கு வரிக் கணக்குதான் பதில். புறநகர் ஷாப்பிங் மாலின் மொத்தச் சொத்துவரி பெரியதாகத் தெரியும். அதை அது பிடித்திருக்கும் நிலத்தால், வாகன நிறுத்தத்தையும் சேர்த்து, வகுத்துப் பாருங்கள். அமெரிக்காவின் ஆஷ்வில் நகரில் இப்படி ஏக்கர் கணக்கு போட்டபோது, மையத்திலுள்ள பழைய மாடிக் கட்டடம் புறநகர்ப் பெருங்கடையைவிடப் பல மடங்கு வரி தருவது தெரிந்தது. மையத்தில் தண்ணீர்க் குழாயும் சாக்கடையும் ஏற்கெனவே இருக்கின்றன. புறநகருக்கு அவற்றைப் புதிதாக நீட்டி, காலமெல்லாம் பராமரிக்கவும் வேண்டும்.

சரி, எப்படி மீட்பது? கார்களை விலக்கித் தெருவை அழகாக்கினால் போதும் என்று பலர் நம்பினார்கள். அமெரிக்காவில் கலமசூ 1959-இலும் ஃபிரெஸ்னோ 1964-இலும் முக்கியக் கடைவீதியை நடைவீதியாக்கின. கூட்டம் நிலைக்கவில்லை. ஃபிரெஸ்னோ 2017-இல் அதே தெருவைக் கார்களுக்குத் திறந்துவிட்டது. கோபன்ஹேகன் 1962-இல் ஸ்ட்ரோயெட் தெருவில் செய்ததும் இதே வேலைதான். அது இன்றும் நிரம்பி வழிகிறது. அங்கே நடந்தோ சைக்கிளிலோ வந்துவிடும் தூரத்தில் ஏராளமானோர் குடியிருக்கிறார்கள். அமெரிக்க நகரங்களிலோ வாடிக்கையாளர்கள் ஏற்கெனவே நெடுஞ்சாலை ஓரத்துக்குக் குடிபோயிருந்தார்கள். ஆளே இல்லாத தெருவில் கல் பதித்து என்ன பயன்?

பெரிய கட்டடமும் இந்தக் குறையைத் தீர்ப்பதில்லை. அமெரிக்காவின் டெட்ராய்ட்டில் 1977-இல் திறந்த ரினைசன்ஸ் சென்டர் என்ற கோபுர வளாகம் கோட்டை மாதிரி தெருவுக்கு முதுகைக் காட்டி நின்றது. உள்ளே வந்தவர்கள் உள்ளேயே சாப்பிட்டு, உள்ளிருந்தே கிளம்பினார்கள்.

பலன் தந்தது வீடுகள். மெல்போர்னில் 1980-களின் தொடக்கத்தில் நகர மையத்தில் சில நூறு வீடுகளே இருந்தன. 1992-இல் 'போஸ்ட்கோட் 3000' என்ற திட்டம், காலியான அலுவலகக் கட்டடங்களைக் குடியிருப்பாக்கச் சலுகையும் தொழில்நுட்ப உதவியும் தந்தது. லாஸ் ஏஞ்சலஸ் 1999-இல் பழைய கட்டடங்களுக்கென விதிகளைத் தளர்த்தியது. முக்கியமாக, புதிதாக வாகன நிறுத்தம் கட்ட வேண்டியதில்லை என்றது. பழைய வங்கிகளும் அலுவலகங்களும் ஆயிரக்கணக்கான வீடுகளாக மாறின. குடியிருப்பவருக்குப் பாலும் மருந்தும் தினமும் வேண்டும். கடைக்கு அந்தத் தினசரி வியாபாரம்தான் உயிர். திருவிழாக் கூட்டம் போனஸ்.

சின்னத் தடைகளைக் கவனியுங்கள். கடை முகப்பை அகலமாக்க, மாடிப்படியையே இடித்துக் கடைக்குள் சேர்த்திருப்பார்கள். மேல் தளங்கள் காலியாகக் கிடப்பதற்குப் பல இடங்களில் இதுவே காரணம். தனி வாசலும் தீ விபத்தில் தப்பிக்க ஒரு வழியும் அமைக்க நிதி கொடுங்கள். பெரிய மண்டபத்துக்கு ஆகும் செலவில் ஒரு வீதி முழுக்கவே இதைச் செய்துவிடலாம். அப்புறம், வீட்டுக்கு இத்தனை கார் நிறுத்தம் கட்டாயம் என்ற விதியை எடுத்துவிடுங்கள். அமெரிக்காவின் பஃபலோ நகரம் 2017-இல் ஊர் முழுக்கவே எடுத்துவிட்டது.

ஒரு எச்சரிக்கை. ஆள் வந்ததும் வாடகை ஏறும். நலிந்த காலத்தில் தாக்குப்பிடித்த சின்னக் கடைக்காரரும் பழைய குடித்தனக்காரரும்தான் முதலில் வெளியேறுவார்கள். அப்போது பேசினால் கட்டட உரிமையாளர் காது கொடுக்கமாட்டார். அரசுப் பணத்தை வாங்க அவர் கையெழுத்துப் போடும் நாளிலேயே, நீண்டகாலக் குத்தகையையும் வாடகை உச்சவரம்பையும் அந்தப் பத்திரத்தில் நிபந்தனையாகச் சேர்த்துவிட வேண்டும்.