ரசிகர்கள் சேர்ந்து கால்பந்து கிளப்பை வாங்க முடியுமா?

தோற்ற மேட்ச் முடிந்து நேரு ஸ்டேடியத்திலிருந்து பெரியமேடு பக்கம் கூட்டம் கலையும்போது யாராவது ஒருவர் இதைச் சொல்லத்தான் செய்வார்: “பத்தாயிரம் பேர் ஆளுக்குக் கொஞ்சம் போட்டா நாமளே கிளப்ப வாங்கிடலாம்.” கோபத்தில் சொல்வதுதான். ஆனால் அதில் சட்டக் கேள்வி ஒன்றும் இருக்கிறது. ரசிகர்களுக்குக் கிளப்பில் பங்கு கேட்கும் உரிமை இந்தியாவில் எந்தச் சட்டத்திலும் இல்லை. அவர்கள் வாங்கக் கூடாது என்ற தடையும் இல்லை. ஆக, கையில் இருப்பவர் விற்கச் சம்மதித்தால் வாங்கலாம். எப்படி வாங்குவது, எவ்வளவு வாங்கினால் பேச்சு எடுபடும் என்பதில்தான் சிக்கல் எல்லாம்.

முதலில் கிளப் என்றால் என்ன என்பதைப் பார்ப்போம். சென்னையின் எஃப்சி 2014இல் தொடங்கியது, 2015இலும் 2017-18 சீசனிலும் ஐஎஸ்எல் (இந்தியன் சூப்பர் லீக்) பட்டம் வென்றது. அபிஷேக் பச்சன், விதா தானி, தோனி ஆகியோர் அதன் உரிமையாளர்களாக அறியப்பட்டவர்கள். பி ஸ்டாண்ட் ப்ளூஸ், சூப்பர் மச்சான்ஸ் போன்ற ரசிகர் குழுக்கள் தொண்டை கட்டும் வரை கத்துகின்றன. ஆனால் ரசிகர் என்ற முறையில் அவர்களுக்குக் கணக்குக் கேட்கவோ ஓட்டுப் போடவோ உரிமை கிடையாது. பெயர்தான் கிளப், சட்டப்படி அது ஒரு கம்பெனி. எந்தக் கம்பெனியின் பங்கு யாரிடம் இருக்கிறது என்று தெரிய வேண்டுமானால், மத்திய கம்பெனி விவகார அமைச்சகத்தின் தளத்தில் 100 ரூபாய் கட்டி அது தாக்கல் செய்த ஆவணங்களைப் பார்க்கலாம். வாங்குவதைப் பற்றிப் பேசுவதற்கு முன் செய்ய வேண்டிய முதல் வேலை இதுதான். ஏனோ யாரும் செய்வதில்லை.

2025இல் வந்த தேசிய விளையாட்டு நிர்வாகச் சட்டம் இதற்கு உதவுமா என்று சிலர் கேட்கிறார்கள். உதவாது. அது தேசிய விளையாட்டுச் சம்மேளனங்களை எப்படி நடத்துவது, தேர்தல், தீர்ப்பாயம் பற்றியது. கிளப்பின் பங்கு யாரிடம் இருக்க வேண்டும் என்பதற்குள் அது போகவில்லை.

ரசிகர்கள் கையில் பெரும்பான்மை என்றாலே எல்லோரும் ஜெர்மனியைக் காட்டுவார்கள். காட்டட்டும், ஆனால் அந்த விதியைச் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். அங்கே கிளப்புகள் ஆரம்பத்தில் உறுப்பினர் சங்கங்கள். 1998இல்தான் தொழில்முறை அணியைத் தனிக் கம்பெனியாகப் பிரிக்க அனுமதி வந்தது. அப்போதே ஒரு நிபந்தனையும் வந்தது: அந்தக் கம்பெனியின் ஓட்டுகளில் பாதிக்கு மேல் ஒரு ஓட்டாவது தாய்ச் சங்கத்திடம் இருக்க வேண்டும். கவனியுங்கள், பேச்சு ஓட்டைப் பற்றி, பணத்தைப் பற்றி இல்லை. பயர்ன் மியூனிக்கில் சங்கத்துக்கு 75 சதவீதம். அடிடாஸ், ஆடி, அலியான்ஸ் மூன்றும் மீதியை ஆளுக்கு 8.33 சதவீதமாக வைத்திருக்கின்றன. டார்ட்மண்டோ 2000ஆம் ஆண்டிலேயே பங்குச் சந்தைக்குப் போய்விட்டது, மூலதனத்தில் பெரும்பகுதி வெளியாரிடம். ஆனாலும் நிர்வாகம் சங்கத்தின் கையில் இருக்கும்படி கட்டமைத்திருக்கிறார்கள். லெவர்குசன், வுல்ஃப்ஸ்பர்க் போன்ற விதிவிலக்குகளும் உண்டு. லைப்சிக்கில் ஓட்டுரிமை உள்ள உறுப்பினர்களை விரல் விட்டு எண்ணலாம் என்ற அளவில் வைத்துக்கொண்டு விதியைத் தாண்டியதாகத் திட்டாத ஜெர்மன் ரசிகர் குறைவு. விதி நல்லதுதான், ஓட்டையே இல்லாத விதி அல்ல.

ஜெர்மன் ரசிகர்கள் எதையும் வாங்கவில்லை. முதலிலிருந்தே தங்களிடம் இருந்ததை விட்டுக்கொடுக்காமல் இருந்தார்கள், அவ்வளவுதான். நம் நாட்டில் அப்படி ஏதாவது இருந்தது என்றால் அது கொல்கத்தாவில். மோகன் பகான் உறுப்பினர்கள் ஓட்டுப் போட்டு நிர்வாகக் குழுவைத் தேர்ந்தெடுக்கும் கிளப். 2020இல் அதன் கால்பந்து கம்பெனியில் 80 சதவீதம் ஆர்பிஎஸ்ஜி குழுமத்துக்குப் போனது, பழைய கிளப் தரப்புக்கு 20. அணியின் பெயருக்கு முன்னால், அந்தக் குழுமத்தின் பழைய அணியான ஏடிகேயின் எழுத்துகள் ஒட்டிக்கொண்டன. ரசிகர்கள் பல மாதம் போராடி, 2023இல்தான் அது போய் ‘சூப்பர் ஜெயன்ட்’ என்ற ஒட்டு வந்தது. ஈஸ்ட் பெங்காலும் 2020இல் ஒரு சிமெண்ட் நிறுவனத்துக்கு 76 சதவீதம் தர ஒத்துக்கொண்டு, பிறகு இறுதி ஒப்பந்தத்தில் கையெழுத்திட மறுத்து இழுபறியில் மாட்டியது. நூறு வருடப் பாரம்பரியமே இந்தக் கணக்கில் தோற்றுவிடுகிறது. சென்னையில் அப்படித் தாய்ச் சங்கம் என்று ஒன்றே இல்லை. இங்கே அணி கம்பெனியாகவே பிறந்தது.

சரி, வாங்குவது என்று வைத்துக்கொண்டால், பத்தாயிரம் பேர் ஆளுக்கு ஒரு ஷேர் என்ற யோசனை முதல் படியிலேயே விழுந்துவிடும். பிரைவேட் லிமிடெட் கம்பெனியில் 200 பேருக்கு மேல் பங்குதாரர் இருக்கக் கூடாது, பொதுமக்களிடம் பங்கு வாங்கச் சொல்லி அழைப்பும் விடக் கூடாது என்கிறது 2013ஆம் ஆண்டு கம்பெனிச் சட்டம். பங்கைக் கைமாற்றவும் கட்டுப்பாடு உண்டு. ‘என் நண்பன் சிஎஸ்கே ஷேர் வைத்திருக்கிறானே’ என்பீர்கள். வைத்திருக்கலாம். சிஎஸ்கே தனிக் கம்பெனியாகப் பிரிந்தபோது இந்தியா சிமெண்ட்ஸ் பங்குதாரர்களுக்கு அதன் பங்குகள் கிடைத்தன. அது பப்ளிக் லிமிடெட், சந்தையில் பட்டியலிடப்படாவிட்டாலும் தரகர்கள் மூலம் கைமாறுகிறது. அந்தப் பங்கை வைத்திருப்பவர் ஆண்டறிக்கை படிக்கலாம், பொதுக்குழுவில் கேள்வி கேட்கலாம். யாரை ஏலத்தில் எடுப்பது என்று அவரிடம் யாரும் கேட்கப் போவதில்லை. சிறு பங்குதாரர் ஆயிரக்கணக்கில் இருந்தாலும், ஒன்றாக ஓட்டுப் போடும் ஏற்பாடு இல்லையென்றால் அது வெறும் முதலீடு.

அடுத்தது பணம் திரட்டுவது. வாட்ஸ்அப் குழுவில் க்யூஆர் கோடு போட்டு ‘கிளப் வாங்கியதும் பங்கு தருகிறோம்’ என்று வசூலிப்பது ஆபத்தான வேலை. இணையத்தில் கூட்டாகப் பணம் திரட்டிப் பங்கு தரும் முறையைப் பற்றி, பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபி 2014இல் ஒரு ஆலோசனை அறிக்கை வெளியிட்டது. அதை அனுமதிக்கும் விதி அதன் பிறகு வரவில்லை. 2016இல் இப்படிப்பட்ட தளங்களைப் பற்றி எச்சரிக்கைதான் வந்தது. திருப்பித் தருவதாகச் சொல்லி வாங்கினால் அது டெபாசிட் ஆகிவிடும். முறைப்படுத்தப்படாத டெபாசிட் திட்டங்களைத் தடை செய்யும் மத்திய அரசின் 2019ஆம் ஆண்டுச் சட்டமும், தமிழ்நாட்டின் 1997ஆம் ஆண்டு முதலீட்டாளர் பாதுகாப்புச் சட்டமும் அங்கே காத்திருக்கின்றன. பொருளாதாரக் குற்றப்பிரிவு வாசலில் வரிசையில் நின்றவர்கள் இருக்கும் ஊரில் இதை விளக்கவே தேவையில்லை. ஃபேன் டோக்கன் என்று ரசிகர்களுக்கு இணையத்தில் ஒரு டிஜிட்டல் டோக்கனை விற்கிறார்களே, அதுவும் பங்கு அல்ல. பஸ்ஸில் என்ன பாட்டுப் போடுவது என்று ஓட்டுக் கேட்பார்கள், கிளப்பை விற்பதைப் பற்றிக் கேட்க மாட்டார்கள்.

முறையான வழி ஒன்று இருக்கிறது: ரசிகர்கள் எல்லோரும் ஒரே அமைப்பில் உறுப்பினராவது, அந்த அமைப்பு ஒரே பங்குதாரராகக் கிளப்புக்குள் நுழைவது. இதற்குப் பொருத்தமானது கம்பெனிச் சட்டத்தின் 8ஆம் பிரிவில் வரும் லாப நோக்கமற்ற கம்பெனி. அந்தப் பிரிவின் நோக்கங்களில் விளையாட்டும் பெயர் சொல்லி இடம்பெறுகிறது. பங்கு மூலதனம் இல்லாமல், உத்தரவாதத்தின் பேரில் (கம்பெனியை மூட நேர்ந்தால் இவ்வளவு தருகிறேன் என்று உறுப்பினர் தரும் வாக்கு), பப்ளிக் வகையாகப் பதிந்தால் உறுப்பினர் எண்ணிக்கைக்கு 200 என்ற வரம்பு இல்லை. அந்த வகைக்குச் சட்டம் தரும் மாதிரி விதிகளிலேயே ஆளுக்கு ஒரு ஓட்டு என்று இருக்கிறது. ஐம்பதாயிரம் போட்டவருக்கும் ஐநூறு போட்டவருக்கும் ஒன்றுதான். லாபத்தைப் பிரித்துக்கொள்ள முடியாது, போட்ட பணம் திரும்பி வராது. அதைச் சேரும்போதே வாயைத் திறந்து சொல்லிவிட வேண்டும்.

ஆடிட்டரிடம் கேட்க வேண்டியவை இரண்டு. தர்ம காரிய வரிவிலக்குப் பெற்ற அமைப்பு தனியார் கம்பெனிப் பங்கை வைத்திருந்தால் அந்த விலக்குக்கே ஆபத்து வரும். ஆகவே வரிவிலக்கா பங்கா என்று முதலிலேயே முடிவெடுக்க வேண்டும். அப்புறம், வெளிநாட்டுப் பணம். துபாயில் இருக்கும் இந்திய பாஸ்போர்ட்காரர் தன் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்துக்குள் வராது. சிங்கப்பூர் குடியுரிமை வாங்கிவிட்ட அவருடைய மச்சான் அனுப்பினால் வரும்.

எவ்வளவு சதவீதம் வேண்டும்? எல்லோரும் 51 என்பார்கள். என் கணக்கில் சென்னை ரசிகர்கள் முதலில் குறிவைக்க வேண்டியது 26. கம்பெனியின் பெயரை மாற்றுவது, விதிகளைத் திருத்துவது போன்றவற்றுக்குச் சிறப்புத் தீர்மானம் வேண்டும், அதற்கு நான்கில் மூன்று பங்கு ஓட்டு வேண்டும். 26 சதவீதம் ஓட்டு கையில் இருந்தால் அதைத் தடுத்து நிறுத்தலாம். சென்னை சிட்டி எஃப்சியில் ஸ்விட்சர்லாந்தின் பாசெல் கிளப் வாங்கியதும் சரியாக 26 சதவீதம்தான். அந்த அணி பெயரில் சென்னையை வைத்துக்கொண்டே கோயம்புத்தூருக்குப் போய், 2018-19இல் ஐ-லீக் பட்டமும் வென்றது. ஊர் மாறும்போது சென்னை ரசிகரிடம் யார் கேட்டார்கள்?

26 கூட இல்லாமல் இதைச் சாதிக்கலாம். கம்பெனிச் சட்டத்தின் 5ஆம் பிரிவு, சில விதிகளைச் சாதாரணமாக மாற்ற முடியாதபடி பூட்டிவைக்க அனுமதிக்கிறது. அணியின் பெயர், நீல நிறம், சொந்த மைதானம் சென்னையில்தான் என்பதை அப்படிப் பூட்டி, ரசிகர் அமைப்பு கையெழுத்திட்டால்தான் திறக்கும் என்று எழுதலாம். பிரைவேட் கம்பெனியில் அதற்குப் பங்குதாரர் அனைவரின் சம்மதமும் வேண்டும். பணமும் ஓட்டும் ஒரே அளவில் இருக்க வேண்டும் என்ற கட்டாயமும் பிரைவேட் கம்பெனிக்கு இல்லை. 2015இல் வந்த அறிவிக்கைப்படி, கம்பெனியின் விதிகளில் எழுதியிருந்தால் பத்து சதவீதப் பணத்துக்கு 51 சதவீத ஓட்டுக் கொடுக்கலாம். ஜெர்மன் ஏற்பாட்டை இந்தியச் சட்டத்துக்குள்ளேயே கட்ட முடியும். மீதித் தொண்ணூறைப் போடுகிறவர் ஏன் சம்மதிப்பார் என்ற கேள்விக்குத்தான் சட்டத்தில் பதில் இல்லை. இங்கிலாந்தில் 2025இல் வந்த கால்பந்து நிர்வாகச் சட்டம் கூட ரசிகர்களுக்குப் பங்கு வாங்கித் தரவில்லை. சின்னம், நிறம், பெயர், மைதானம் ஆகியவற்றைத்தான் காப்பாற்றுகிறது.

பணக் கணக்கையும் போட்டுவிடலாம். பத்தாயிரம் பேர் மாதம் 500 ரூபாய் தவறாமல் தந்தால் ஆண்டுக்கு 6 கோடி. ஐஎஸ்எல்லில் வீரர் சம்பளத்துக்கு மட்டும் 16.5 கோடி வரை உச்சவரம்பு வைத்திருந்தார்கள். பயணம், பயிற்சி, அகாடமி, லீக்குக்குக் கட்டுவது எல்லாம் அதற்கு மேல். இதில் வாங்குவதற்குச் சொத்து என்று பெரிதாக ஒன்றும் இல்லை. நேரு ஸ்டேடியம் அரசுடையது. கிளப்பிடம் இருப்பது பெயர், வீரர் ஒப்பந்தங்கள், லீக்கில் ஆடும் உரிமை. அந்த உரிமையும் எவ்வளவு நிலையற்றது என்பதை 2025இல் பார்த்தோம். அகில இந்தியக் கால்பந்து சம்மேளனம் 2010இல் போட்ட 15 வருட வணிக ஒப்பந்தம் முடியும் நேரம் வந்ததும் லீக்கே தொடங்காமல் தள்ளிப்போனது.

அப்படியும் சில இடங்களில் நடந்திருக்கிறது. ஸ்காட்லாந்தின் ஹார்ட்ஸ் 2013இல் திவாலானது. ஆன் பட்ஜ் என்பவர் அதை வாங்கி நடத்த, சுமார் எட்டாயிரம் ரசிகர்கள் மாதாமாதம் பணம் கட்டி 2021இல் 75.1 சதவீதத்தை எடுத்துக்கொண்டார்கள். இங்கிலாந்தின் போர்ட்ஸ்மவுத்தையும் ரசிகர்கள் 2013இல் திவாலிலிருந்துதான் வாங்கினார்கள். நான்கு வருடத்தில் மேலே போகப் பணம் போதவில்லை என்று அமெரிக்கர் ஒருவருக்கு விற்க அவர்களே ஓட்டுப் போட்டார்கள். வாய்ப்பு வருவது கிளப் விழும்போதுதான் என்பது இரண்டிலும் பொது. இந்தியாவிலும் 2016ஆம் ஆண்டுத் திவால் சட்டத்தின்படி, விழுந்த கம்பெனிக்கு மீட்புத் திட்டம் கொடுக்க ரசிகர் அமைப்பு முன்வரலாம். கடன் கொடுத்தவர்கள் குழுவில் 66 சதவீத ஓட்டு வேண்டும், நிகரச் சொத்து இவ்வளவு இருக்க வேண்டும் என்று அவர்கள் நிபந்தனையும் வைப்பார்கள். அதிகபட்சம் 330 நாளில் எல்லாம் முடிய வேண்டும். அன்றைக்கு உட்கார்ந்து அமைப்பைப் பதிவு செய்யக் கிளம்பினால் எட்டாது. லீக்கில் ஆடும் ஒப்பந்தம் புதிய உரிமையாளருக்கு மாறுமா என்பதையும் அதற்குள் படித்துப் பார்த்திருக்க வேண்டும்.

ஐஎஸ்எல்லை விட்டுவிட்டுப் பார்த்தால் நிலைமை வேறு. வியாசர்பாடியிலோ காசிமேட்டிலோ ஏழு பேர் சேர்ந்து தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975இன் கீழ் மாவட்டப் பதிவாளரிடம் ஒரு கிளப்பைப் பதியலாம். அங்கே முதல் நாளிலிருந்து அது நூறு சதவீதம் உறுப்பினர்களுடையது. சென்னை லீக்கின் கீழ்ப் பிரிவில் ஆடும் செலவு ஏரியாவுக்குள்ளேயே திரட்டக்கூடியதுதான். ஜெர்மனியின் பெரிய கிளப்புகள் பலவும் இப்படிச் சங்கமாகத்தான் தொடங்கின. பதியும்போது சட்டதிட்டத்தில் ஒரு பிரிவைச் சேர்த்து எழுதுங்கள்: அணியைக் கம்பெனியாக மாற்றவோ, பெயரையும் லீக்கில் உள்ள இடத்தையும் வேறு யாருக்கும் கொடுக்கவோ பொதுக்குழுவில் நான்கில் மூன்று பங்கு உறுப்பினர்கள் ஓட்டுப் போட வேண்டும். ஸ்பான்சர் வந்து உட்கார்ந்த பிறகு அந்த வரியைச் சேர்க்க யாரும் விட மாட்டார்கள்.