அல்சைமருக்கான இரத்தப் பரிசோதனை: யாருக்கு, எப்போது?

காசிமேட்டில் பல ஆண்டுகள் மீன் விற்ற ஒரு பாட்டி, யார் எவ்வளவு பாக்கி என்பதை ஏட்டில் எழுதாமல் மனத்திலேயே வைத்திருந்தவர், கொடுத்து முடித்த ஒருவரிடமே மீண்டும் பாக்கி கேட்கிறார் என்று வைத்துக்கொள்வோம். மறுவாரம் ராயபுரத்தில் இறங்க வேண்டியவர் தண்டையார்பேட்டை வரை போய்விட்டுத் திகைத்து நிற்கிறார். இது முதுமையின் சாதாரண மறதியா, அல்சைமரா என்று பிரித்தறிய இரத்தப் பரிசோதனை உதவுமா?

1906-இல் ஜெர்மன் மருத்துவர் அலாய்ஸ் அல்சைமர், இறந்துபோன ஒரு பெண்ணின் மூளையில் இரண்டு மாற்றங்களைக் கண்டார்: நரம்பு செல்களுக்கு வெளியே அமிலாய்டு என்ற புரதத்தின் படிவுகள், உள்ளே டௌ புரதத்தின் முடிச்சுகள். உயிரோடிருப்பவரின் மூளையில் அமிலாய்டு இருப்பதை அறிய, அண்மைக்காலம் வரை செலவு மிகுந்த பெட் ஸ்கேன் எடுக்க வேண்டும். அல்லது முதுகில் ஊசி குத்தித் தண்டுவட நீர் எடுக்க வேண்டும்.

இரத்தத்தில் தேடுவது அந்தப் படிவுகளின் தடயத்தைத்தான். அமிலாய்டு சேரச் சேர, தன் சங்கிலியின் 217ஆம் இடத்தில் பாஸ்பேட் ஏறிய டௌ புரதத்தை நரம்பு செல்கள் அதிகமாக வெளியிடுகின்றன. அதில் மிகச் சிறிய பங்கு இரத்தத்துக்கு வருகிறது. பீட்டா அமிலாய்டு 42 என்ற அமிலாய்டுத் துண்டோ மூளையின் படிவுகளிலேயே தங்கிவிடுவதால் இரத்தத்தில் குறைகிறது. ஒன்று ஏற, மற்றொன்று இறங்குவதால், இரண்டின் விகிதத்தைப் பார்ப்பது ஒன்றை மட்டும் பார்ப்பதைவிடத் தெளிவாக இருக்கிறது. அளக்கப்படுவது பிகோகிராம், அதாவது ஒரு கிராமின் லட்சம் கோடியில் ஒரு பங்கு என்ற அளவில் என்பதால், ஊதா மூடிக் குழாயில் எடுத்த இரத்தத்தைத் தாமதமின்றிச் சுழற்றிப் பிளாஸ்மாவைப் பிரித்துக் குளிரில் வைக்க வேண்டும். அறை வெப்பத்தில் நெடுநேரம் கிடந்தால் அமிலாய்டு அளவு குறைந்து, விகிதமே பொய்யாகிவிடும்.

இந்த விகிதத்தை அளக்கும், ஃபுஜிரேபியோ நிறுவனத்தின் லூமிபல்ஸ் பரிசோதனைக்கு 2025 மே மாதம் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் அனுமதி வழங்கியது. 499 பேரின் மாதிரிகளில், பாசிட்டிவ் வந்தவர்களில் 91.7 சதவீதத்தினருக்கு அமிலாய்டு இருந்தது. நெகட்டிவ் வந்தவர்களில் 97.3 சதவீதத்தினருக்கு இல்லை. சிலருக்கு முடிவு இரண்டுக்கும் இடையில் நின்றது. இந்த அனுமதி, 55 வயதோ அதற்கு மேலோ ஆன, நினைவுக் குறைபாட்டின் அறிகுறி உள்ளவர்களுக்கு மட்டுமே.

அந்த வரம்புக்கு வலுவான காரணம் உண்டு. இருப்பதைக் கண்டுபிடிப்பதிலும் இல்லாததை இல்லையென்பதிலும் நூற்றுக்குத் தொண்ணூறு முறை சரியாகச் சொல்லும் ஒரு பரிசோதனையைக் கற்பனை செய்யுங்கள். நினைவுக் குறைபாட்டு சிகிச்சைப் பிரிவுக்கு வரும் நூறு பேரில் 60 பேருக்கு அமிலாய்டு இருந்தால், பாசிட்டிவ் வரும் 58 பேரில் 54 பேருக்கு உண்மையிலேயே இருக்கும். அறிகுறியே இல்லாத நூறு பேரில் பத்துப் பேருக்கு மட்டும் இருந்தால், பாசிட்டிவ் வரும் 18 பேரில் ஒன்பது பேர் வீணாக அஞ்சுவார்கள். ஆகவே நலமாக இருப்பவர்களின் முழு உடல் பரிசோதனைத் தொகுப்பில் இதைச் சேர்ப்பது தவறு என்றே நான் கருதுகிறேன்.

வடசென்னையில் சர்க்கரை நோயோடும் இரத்தக் கொதிப்போடும் நெடுங்காலம் வாழ்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். சிறுநீரகம் பழுதுபட்டால் இந்த டௌ இரத்தத்தில் தேங்கி, மூளையில் அமிலாய்டு இல்லாதபோதும் அளவு உயரக்கூடும்.

அமிலாய்டு இருந்தாலும் மறதிக்கு அதுவே காரணம் என்று ஆகிவிடாது. பி12 குறைபாடு, தைராய்டு சுரப்புக் குறைவு, மனச்சோர்வு, தூக்க மாத்திரை, கீழே விழுந்தபின் மண்டைக்குள் மெல்லக் கசியும் இரத்தம் ஆகியவையும் மறதியாக வெளிப்படும். இவற்றில் பல சிகிச்சையில் சரியாகக்கூடியவை. அவற்றை முதலில் பார்த்துவிட்டே அல்சைமருக்கு வர வேண்டும். அமிலாய்டை அகற்றும் லெக்கானிமாப் போன்ற மருந்துகள் ஆரம்ப நிலையில் நோயின் வேகத்தை ஓரளவு குறைக்கின்றனவே தவிர, போன நினைவை மீட்பதில்லை. மூளையில் வீக்கமும் இரத்தக் கசிவும் ஏற்படலாம் என்பதால் எம்ஆர்ஐ கண்காணிப்பும் தேவை.

ஆகவே அந்தப் பாட்டியை மருத்துவரிடம் அழைத்துச் செல்லும் மகள், தடுமாற்றம் எப்போது தொடங்கியது, எந்தெந்தக் கணக்கு தவறியது என்ற குறிப்பையும், அவர் சாப்பிடும் எல்லா மாத்திரைகளையும், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும், கடைசியாக எடுத்த கிரியாட்டினின் அறிக்கையையும் கையோடு கொண்டுபோகட்டும்.